போஸ்ட்கிரெஸ் தளத்தைப் பொறுப்பேற்கும் புதியவருக்கு: எதிலிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது

தகவல் தொழில்நுட்பப் பிரிவில் பணிபுரியும் ஒருவரிடம் "இனி டேட்டாபேஸ் எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது பல நிறுவனங்களில் சாதாரணமாக நடக்கிறது. அப்படிப் பொறுப்பு வந்து சேர்ந்தவர் முதல் சில மாதங்களில் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1986இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் மாற்றம் பெற்ற இந்த மென்பொருள் கட்டணமின்றிக் கிடைப்பதால், சிறிய நிறுவனங்களும் இதையே அதிகம் நாடுகின்றன. ஆரக்கிளோ மைஎஸ்கியூஎல்லோ நடத்துபவர்களுக்குக் கட்டளைகள் மாறும்; வேலைகளின் வரிசை பெரும்பாலும் மாறாது.

தரவுத்தள ஆளுகை (யார் எதை எந்த விதிப்படி செய்யலாம் என்பது) என்றதும் நாற்பது பக்கக் கொள்கை ஆவணம் எழுத உட்காருபவர்கள் உண்டு. அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஒரு விதி பின்பற்றப்படுகிறதா என்பதை ஒரு குவெரியாலோ (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) ஒரு ஸ்கிரிப்டாலோ (தானாக ஓடும் சிறு நிரல்) சரிபார்க்க வழியில்லை என்றால், அந்த விதியை எழுதாமல் விடுவதே நல்லது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த அளவுகோலைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: இருப்பதைக் கணக்கெடுப்பது

சர்வர்களின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்வார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நெட்வொர்க் குழுவின் அனுமதியோடு, போஸ்ட்கிரெஸ் வழக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் 5432ஆம் போர்ட்டை (இணைப்பு வாயில் எண்) உள் நெட்வொர்க் முழுவதும் தேடினால், பட்டியலில் இல்லாத ஒன்றிரண்டு தரவுத்தளங்கள் எங்கிருந்தாவது தலைகாட்டும். டெஸ்டிங்குக்கு என்று என்றோ நிறுவி, பிறகு அதிலேயே உண்மையான வாடிக்கையாளர் தரவு குடியேறிய சர்வர்கள்தான் இவற்றில் மிக ஆபத்தானவை.

கண்டுபிடித்த ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் சில விவரங்களைப் பதிவு செய்யுங்கள்: எந்தப் பதிப்பு ஓடுகிறது, எந்தெந்தச் செயலிகள் இணைகின்றன, தனிநபர் தரவு உள்ளதா, எவ்வளவு நேரம் நின்றுபோனால் தொழில் தாங்கும், எத்தனை நிமிடத் தரவு தொலைந்தால் தாங்கும், தொழில் தரப்பில் இதற்கு உரிமையாளர் யார். கடைசிக் கேள்விக்குக் குழுவின் பெயரை எழுத விடாதீர்கள். ஒரு பதவியில் இருக்கும் ஒரு மனிதரை எழுத வையுங்கள். உரிமையாளர் இல்லாத தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையை நீக்கக்கூட யாரிடமும் ஒப்புதல் கேட்க முடியாது.

இரண்டாம் படி: யார் உள்ளே வரலாம் என்பதை முடிவு செய்வது

முதலில் திறக்க வேண்டிய கோப்பு பிஜி எச்பிஏ கான்ஃப். எந்த முகவரியிலிருந்து, எந்தப் பயனர், எந்தத் தரவுத்தளத்துக்கு, எந்த முறையில் தன்னை நிரூபித்து உள்ளே வரலாம் என்பதை இது வரி வரியாகச் சொல்கிறது. மேலிருந்து கீழாகப் படிக்கப்படும்போது முதலில் பொருந்தும் வரியே செல்லும் என்பதால், கீழே எவ்வளவு கடுமையான வரிகளை எழுதியிருந்தாலும், மேலே யாரோ அவசரத்துக்குச் சேர்த்த "டிரஸ்ட்" வரி ஒன்று கடவுச்சொல்லே கேட்காமல் எல்லோரையும் உள்ளே விட்டுவிடும். அந்தச் சொல் கோப்பில் எங்கே இருந்தாலும் அதற்கு விளக்கம் கேளுங்கள். எம்டி5 என்ற பழைய முறையில் சேமிக்கப்பட்ட கடவுச்சொற்களை, அதைவிடப் பாதுகாப்பான ஸ்கிராம் முறைக்கு மாற்றத் திட்டமிடுங்கள். 14ஆம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பு.

அனுமதிகளை நேரடியாக மனிதர்களுக்குக் கொடுக்காமல் ரோல்களுக்கு (அனுமதிகளைத் தாங்கும் கணக்குகள்) கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடைமுறையில் ஒரு செயலிக்கு மூன்று ரோல்கள் போதும். அட்டவணைகளுக்குச் சொந்தமான, லாகின் செய்ய முடியாத உரிமையாளர் ரோல். படிக்கவும் எழுதவும் மட்டும் முடிந்த செயலி ரோல். படிக்க மட்டும் முடிந்த அறிக்கை ரோல். செயலியே அட்டவணைகளின் உரிமையாளராக லாகின் செய்யும் பழக்கம் இருந்தால், அந்தச் செயலியில் உள்ள ஒரு ஓட்டை வழியாக நுழைபவர் அட்டவணையையே அழித்துவிட்டுப் போகலாம்.

இங்கே புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அறிக்கை ரோலுக்கு எல்லா அட்டவணைகளிலும் படிக்கும் அனுமதி கொடுத்து, சோதித்து, திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அடுத்த வாரம் ஒரு புதிய அட்டவணை உருவாகும், அதில் அனுமதி இல்லை என்று புகார் வரும். கொடுத்த அனுமதி அன்று இருந்த அட்டவணைகளுக்கு மட்டுமே பொருந்தும். இனி வரப்போகும் அட்டவணைகளுக்கு ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலெஜஸ் என்ற கட்டளை தேவை. அதுவும், எந்த ரோல் அட்டவணையை உருவாக்குகிறதோ அந்த ரோலின் பெயரில் சொல்லப்பட வேண்டும். எல்லா அட்டவணைகளையும் உரிமையாளர் ரோல் ஒன்றே உருவாக்கினால் இந்தச் சிக்கல் ஒரே இடத்தில் தீர்ந்துவிடும்.

15ஆம் பதிப்பு வரும்வரை, தரவுத்தளத்தில் இணைய முடிந்த யாரும் பப்ளிக் ஸ்கீமாவில் (அட்டவணைகளை வைக்கும் பொதுப் பகுதி) அட்டவணை உருவாக்கலாம் என்பதே இயல்பாக இருந்தது. புதிதாக உருவாக்கப்படும் தரவுத்தளங்களுக்கு இது மாற்றப்பட்டுவிட்டது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தப்பட்டவை அந்தப் பழைய அனுமதியை அப்படியே சுமந்துகொண்டு வரும் என்பதால், 17ஆம் பதிப்பு ஓடினாலும் இதை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பேக்கப்பை அல்ல, ரெஸ்டோரைத் திட்டமிடுவது

மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் ஈடாகாத அளவுக்கு இந்தப் படி முக்கியமானது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து நிர்வகிக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை, அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதால் எல்லோரும் படிக்கலாம். முதன்மை சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் பின்பற்ற வேண்டிய நகல் சர்வர் பின்தங்கிப்போனதைச் சரிசெய்யும் முயற்சியில், பொறியாளர் ஒருவர் நகல் சர்வரில் இருப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடியபோதுதான், அன்றாடம் ஓட வேண்டிய பிஜி டம்ப் என்ற பேக்கப் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது தெரியவந்தது. சர்வர் 9.6ஆம் பதிப்பு, டம்ப் எடுத்த கருவியோ 9.2. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள், அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் வந்து சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுக்கப்பட்ட ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து டிஸ்க்கின் நகல்) ஒன்று இருந்ததால் மீண்டார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை.

பேக்கப் வேலை ஓடியதா என்று கேட்பதால் பயனில்லை என்பது இதிலிருந்து தெரியும். கடைசியாக எப்போது ரெஸ்டோர் செய்து பார்த்தோம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வாரம் ஒருமுறையாவது, தனியான ஒரு சர்வரில், மனிதக் கை படாமல் பேக்கப்பை ரெஸ்டோர் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்று ஓட வேண்டும். ரெஸ்டோர் முடிந்ததும் அது முக்கியமான அட்டவணை ஒன்றில் கடைசி வரிசையின் நேரத்தைப் படித்து, அந்த நேரம் எதிர்பார்த்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, முழுவேலைக்கும் எத்தனை நிமிடம் பிடித்தது என்பதையும் குறித்து வைக்க வேண்டும். தொழில் தரப்புக்கு "ஒரு மணி நேரத்தில் மீட்டுத் தருவோம்" என்று வாக்குக் கொடுத்திருந்து, ரெஸ்டோருக்கே நான்கு மணி நேரம் ஆகிறது என்றால், அதைப் பேரிடர் நாளில் அறிந்துகொள்வதைவிட ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அறிந்துகொள்வது நல்லது.

பேக்கப்பில் இரண்டு வகை உண்டு. பிஜி டம்ப் ஒரு கணத்தின் நிலையை மட்டுமே எடுக்கும். இரவு இரண்டு மணிக்கு எடுத்த டம்ப், பிற்பகல் மூன்று மணிக்கு நடந்த தவறுக்கு முந்தைய நிமிடத்துக்கு உங்களைக் கொண்டுபோகாது. ரோல்களும் கடவுச்சொற்களும்கூட அதில் வராது என்பதைப் பலர் ரெஸ்டோரின்போதுதான் கவனிக்கிறார்கள். அவற்றுக்கு பிஜி டம்ப்ஆல் கருவியைத் தனியாக ஓட்ட வேண்டும். இரண்டாவது வகை, தரவுக் கோப்புகளின் முழு நகலோடு, அதன்பின் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறிக்கும் வால் (WAL) கோப்புகளைத் தொடர்ந்து வேறிடத்தில் சேமிப்பது. இதன்மூலம் விரும்பிய நிமிடத்துக்குத் திரும்ப முடியும். பிஜி பேக்ரெஸ்ட், பார்மன் போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதும் ஆசையை அடக்கிக்கொண்டு அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

வால் கோப்பு ஒவ்வொன்றும் இயல்பாக 16 எம்பி. அது நிறைந்தால்தான் சேமிப்பிடத்துக்கு அனுப்பப்படும். நடமாட்டம் குறைந்த தரவுத்தளத்தில் ஒரு கோப்பு நிறையவே மணிக்கணக்கில் ஆகலாம் என்பதால், நிறையாவிட்டாலும் கோப்பை அனுப்பச் செய்யும் ஆர்க்கைவ் டைம்அவுட் என்ற அமைப்பை உங்கள் இழப்பு வரம்புக்கு ஏற்பச் சில நிமிடங்களாக வையுங்கள். அனுப்பும் வேலை தோற்றால் கோப்புகள் சர்வரிலேயே குவிந்து, டிஸ்க் நிறைந்து, தரவுத்தளம் நின்றுவிடும். அந்நேரத்தில் எக்காரணம் கொண்டும் அந்தக் கோப்புறையிலிருந்து கையால் எதையும் அழிக்காதீர்கள். முன்பு அதன் பெயர் பிஜி எக்ஸ்லாக். வெறும் லாக் கோப்புகள்தானே என்று அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் இருந்ததால்தான் 10ஆம் பதிப்பில் அதன் பெயரை பிஜி வால் என்று மாற்றினார்கள்.

நகல் சர்வர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று மேலாளர் ஒருவராவது கேட்பார். தவறுதலாக ஓட்டிய, அட்டவணையை அழிக்கும் டிராப் டேபிள் கட்டளை நகல் சர்வருக்கும் அடுத்த நொடியே போய்ச் சேரும் என்று சொன்னால் போதும்.

நான்காம் படி: மாற்றங்கள் வரும் வழியை ஒன்றாக்குவது

அட்டவணை அமைப்பில் செய்யும் எந்த மாற்றமும் பதிப்புக் கட்டுப்பாட்டில் உள்ள கோப்பாக வர வேண்டும், இன்னொருவர் அதைப் படித்திருக்க வேண்டும், டெஸ்ட் சூழலில் ஓடியிருக்க வேண்டும். ஃபிளைவே, லிக்விபேஸ் போன்ற கருவிகள் எந்தக் கோப்பு எங்கே ஓடியது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். டெஸ்டில் நன்றாக ஓடியது, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் உண்மையான சூழலான புரொடக்‌ஷனில் எப்படித் தளத்தையே நிறுத்துகிறது என்பது இதைவிட நுட்பமான விஷயம்.

ஆர்டர்கள் அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்க்கும் ஆல்டர் டேபிள் கட்டளையை எடுத்துக்கொள்வோம். 11ஆம் பதிப்பிலிருந்து, நிலையான இயல்பு மதிப்போடு நெடுவரிசை சேர்த்தாலும் அட்டவணை முழுவதும் திரும்ப எழுதப்படுவதில்லை. வேலை மில்லிநொடிகளில் முடியும். ஆனாலும் அந்த மில்லிநொடிகளுக்கு அதற்கு அட்டவணை மீது முழுப் பூட்டு (வேறு யாரும் தொடாதபடி தடுப்பது) தேவை. அந்நேரம் அறிக்கைக் குழுவின் குவெரி ஒன்று அதே அட்டவணையை இருபது நிமிடமாகப் படித்துக்கொண்டிருந்தால், ஆல்டர் காத்திருக்கும். அதன்பின் வரும், படிக்க மட்டும் செய்யும் சாதாரண செலெக்ட் குவெரிகள் அறிக்கைக் குவெரியோடு முரண்படாதவை என்றாலும், காத்திருக்கும் ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். குறுகிய பாலத்தில் மாட்டுவண்டி ஒன்று போய்க்கொண்டிருக்க, பாலம் முழுதும் காலியானால்தான் ஏறுவேன் என்று அகலமான லாரி ஒன்று முகப்பில் நிற்க, வண்டியின் ஓரமாகப் போயிருக்கக்கூடிய பைக்குகளெல்லாம் லாரிக்குப் பின்னால் தேங்கிவிடுவதைப் போன்றது இது. ஒரு நிமிடத்துக்குள் இணைப்புகள் தீர்ந்துபோய், வாடிக்கையாளர் திரையில் பிழைச் செய்தி வந்துவிடும்.

எனவே புரொடக்‌ஷனில் ஓடும் ஒவ்வொரு மாற்றக் கோப்பின் தொடக்கத்திலும் லாக் டைம்அவுட் அமைப்பை இரண்டு அல்லது மூன்று நொடிகளாக வைப்பதைக் கட்டாயமாக்குங்கள். அந்நேரத்துக்குள் பூட்டுக் கிடைக்கவில்லை என்றால் மாற்றம் தோற்கட்டும். சிறிது நேரம் கழித்து மறுபடி முயலலாம். இந்த வரி இல்லாத கோப்பை ஏற்க மறுக்கும் சோதனையை மாற்றங்களைத் தானாகச் சோதித்து வெளியிடும் உங்கள் அமைப்பிலேயே வைத்துவிட முடியும்.

இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்) உருவாக்கும்போது கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்தால் எழுதும் வேலைகள் தடைபடாது. அதை டிரான்சாக்‌ஷனுக்குள் (மொத்தமாக நிறைவேறும் அல்லது மொத்தமாகக் கைவிடப்படும் கட்டளைத் தொகுப்புக்குள்) ஓட்ட முடியாது என்பதையும், பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சி எழுதும் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். ஏற்கெனவே தரவு நிறைந்த நெடுவரிசையை நாட் நல் (காலியாக விட முடியாதது) ஆக்க வேண்டுமானால், காலி மதிப்பைத் தடுக்கும் செக் கட்டுப்பாட்டை முதலில் நாட் வேலிட் (பழைய வரிசைகளை இப்போது சோதிக்காதே) என்று சேர்த்து, பிறகு அதைச் சரிபார்த்து, அதன்பின் நாட் நல் வைப்பது பூட்டு நேரத்தைக் குறைக்கும்.

ஐந்தாம் படி: இணைப்புகளும் குப்பையும்

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் சர்வரில் ஒரு தனிப் பிராசஸ். இயல்பான உச்சவரம்பு 100. அதிலும் மூன்று சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. நாற்பது சிறு சேவைகள் தலா இருபது இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டால் 800 ஆகிவிடும். வரம்பை 1000 ஆக்குங்கள் என்று டெவலப்பர்கள் கேட்பார்கள். அதற்கு முன் குறைந்த இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜி பவுன்சர் போன்ற இணைப்புத் தொகுப்பானை இடையில் வைத்து, டிரான்சாக்‌ஷன் முறையில் இயக்குங்கள். செஷன் முழுவதும் நீடிக்க வேண்டிய அமைப்புகளும் பூட்டுகளும் அம்முறையில் வேலை செய்யாது என்பதை முன்கூட்டியே எல்லாக் குழுக்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய வடிவம் உடனே அழிவதில்லை. புதியது அதன் அருகில் எழுதப்பட்டு, பழையது வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து அகற்றும்வரை கிடக்கிறது. அதைத் தானாக ஓட்டும் ஆட்டோவேக்யூம் இயல்பாக அட்டவணையின் 20 சதவீத வரிசைகள் செத்த பிறகே வேலையைத் தொடங்கும். சிறிய அட்டவணைக்கு இது சரி. 10 கோடி வரிசை உள்ள அட்டவணையில் 2 கோடி செத்த வரிசைகள் சேரும்வரை காத்திருக்கும் என்பதால், பெரிய அட்டவணைகளுக்கு மட்டும் இந்த விகிதத்தை 1 அல்லது 2 சதவீதமாகக் குறையுங்கள். ஆட்டோவேக்யூம் சர்வரை மெதுவாக்குகிறது என்று சொல்லி அதை அணைத்து வைத்திருக்கும் அமைப்பைப் பார்த்தால், அன்றே திரும்ப இயக்குங்கள். டிரான்சாக்‌ஷன் எண்கள் 32 பிட் அளவுள்ளவை. பழைய வரிசைகள் வேக்யூமால் உறைநிலைக்கு (அவற்றின் எண் இனிப் பொருட்படுத்தப்படாத நிலை) மாற்றப்படாமல் ஏறத்தாழ 200 கோடி எண்கள் கடந்தால், தரவைக் காப்பதற்காக போஸ்ட்கிரெஸ் புதிதாக எழுதுவதையே மறுத்துவிடும்.

எப்போதோ தொடங்கி, கமிட் செய்து முடிக்கப்படாமல், "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்" என்ற நிலையில் கிடக்கும் ஒரே ஒரு இணைப்பு போதும், தளம் முழுவதும் வேக்யூமின் கையைக் கட்டிப்போட. அதற்கென உள்ள காலவரம்பைச் செயலி ரோல்களுக்கு ஐந்து நிமிடமாக வைத்துவிடலாம். யாரும் படிக்காத ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும் (நகல் சர்வர் எதுவரை பெற்றது என்று குறித்து வைக்கும் இடம்) அதே அளவுக்குத் தொல்லை தரும். அது வால் கோப்புகளையும் பிடித்து வைத்துக்கொண்டு டிஸ்க்கை நிரப்பும்.

ஆறாம் படி: கண்காணிப்பும் பதிவேடுகளும்

அழகான வரைபடங்கள் பிறகு. முதலில் இரவில் எழுப்பத் தகுதியான எச்சரிக்கைகள் சிலவற்றை மட்டும் அமையுங்கள்: டிஸ்க் நிறையும் வேகம், திறந்திருக்கும் இணைப்புகள், மிகப் பழைய டிரான்சாக்‌ஷனின் வயது, நகல் சர்வரின் பின்னடைவு, வால் அனுப்புவதில் தோல்வி, கடைசியாக வெற்றி பெற்ற ரெஸ்டோரின் வயது. மெதுவான குவெரிகளைக் கண்டறிய பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சியை எல்லா சர்வர்களிலும் இயக்குங்கள்.

யார் எதைப் பார்த்தார், மாற்றினார் என்று சொல்ல பிஜி ஆடிட் நீட்சி உதவும். எல்லாவற்றையும் பதிவு செய்யாமல், அமைப்பு மாற்றங்களையும் அனுமதி மாற்றங்களையும் தனிநபர் தரவுள்ள அட்டவணைகளையும் மட்டும் பதிவு செய்தால் போதும். இந்தியாவில் இயங்கும் நிறுவனமாயின் பதிவேடு வைப்பது விருப்பத்துக்கு உட்பட்டதல்ல. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி கணினி அமைப்புகளின் பதிவேடுகள் 180 நாட்கள் காக்கப்பட வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்கள் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பதிவேடுகள் அதே சர்வரில் கிடந்தால், உள்ளே நுழைந்தவரே அவற்றை அழித்துவிடலாம், வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

புரொடக்‌ஷன் தரவை அப்படியே டெஸ்ட் சூழலுக்கு நகலெடுக்கும் பழக்கம் இருந்தால், பெயர், தொலைபேசி எண், ஆதார் எண் ஆகியவற்றை மறைத்த பிறகே அது அங்கே போக வேண்டும்.

ஏழாம் படி: பதிப்பு மேம்பாடு

போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஐந்தாண்டுகள் ஆதரிக்கிறது. 13ஆம் பதிப்பின் ஆதரவு 2025 நவம்பரில் முடிந்துவிட்டது. சிறு பதிப்புகள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும். அவற்றை நிறுவ ஒரு மறுதொடக்கம் போதும் என்பதால் ஒத்திப்போடக் காரணமே இல்லை. பெரிய பதிப்புக்கு பிஜி அப்கிரேட் கருவி இருக்கிறது. 18ஆம் பதிப்புக்கு முந்தைய மேம்பாடுகளில், குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்ய உதவும் புள்ளிவிவரங்கள் உடன் வருவதில்லை. முடிந்ததும் அவற்றைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்ட மறந்தால், புதிய பதிப்புதான் மெதுவாக இருக்கிறது என்று அதன்மீது வீண்பழி விழும்.

இயங்குதளத்தை மட்டும் மாற்றும்போதும் கவனம் தேவை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2018இல் 2.28ஆம் பதிப்பில் எழுத்து வரிசை விதிகளை மாற்றியது. உரை நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்கள் பழைய வரிசையில் கட்டப்பட்டிருக்க, புதிய நூலகம் வேறு வரிசையில் தேடும். இருக்கும் பெயர் இல்லை என்று வரும், ஒரே மதிப்பு இருமுறை நுழையும். ரீஇண்டெக்ஸ் செய்வதைத் தவிர வழியில்லை.

எழுத்து வரிசை பற்றிப் பேசும்போது தமிழ்ப் பெயர்களைச் சேமிப்பவர்களுக்கு ஒன்று. "சி" வரிசைமுறையில் யூனிகோடு எண்ணே வரிசையைத் தீர்மானிக்கும். அதில் ன, பகரத்துக்கு முன்பாகவும், ற, ரகரத்தை அடுத்தும் வந்துவிடும். வாக்காளர் பட்டியலோ மாணவர் பட்டியலோ நாம் எதிர்பார்க்கும் நெடுங்கணக்கு வரிசையில் வர வேண்டுமானால், ஐசியு என்ற மொழி நூலகம் தரும் தமிழ் வரிசைமுறையை அந்த நெடுவரிசைக்குக் கொடுங்கள்.

எட்டாம் படி: பணி முடிந்த தரவுத்தளத்தை நிறுத்துவது

கணக்கெடுப்பில் கிடைத்த பழைய தரவுத்தளங்களை உடனே அழிக்கக் கை பரபரக்கும். முதலில் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுங்கள். இணைப்புப் பதிவேட்டை இயக்கி, யாராவது இன்னும் வருகிறார்களா என்று ஒரு மாத இறுதியும் ஒரு காலாண்டு இறுதியும் கடக்கும்வரை பாருங்கள். கணக்குப் பிரிவின் சில செயலிகள் அந்த நாட்களில் மட்டுமே எட்டிப்பார்க்கும். பிறகு புதிய இணைப்புகளை ஏற்காதபடி தரவுத்தளத்தை மூடிவைத்து, ஏற்கெனவே இணைந்திருப்பவர்களை வெளியேற்றி, இன்னும் சில வாரங்கள் காத்திருங்கள். யாரும் குரல் எழுப்பவில்லை என்றால், கடைசி டம்ப் ஒன்றை எடுத்து, அதை வேறொரு சர்வரில் ரெஸ்டோர் செய்து பார்த்து, அது எவ்வளவு காலம் வைக்கப்படும், அதை அழிப்பது யார் என்பதைப் பதிவேட்டில் எழுதிய பிறகே டிராப் கட்டளையை ஓட்டுங்கள். அந்தத் தரவுத்தளத்துக்கென்று உருவாக்கிய ரோல்கள், பிஜி எச்பிஏ வரிகள், ஃபயர்வால் விதிகள், எச்சரிக்கைகள் ஆகியவற்றையும் அதே நாளில் நீக்கிவிட வேண்டும்.